கப்பியின் காடித் தேய்வும் கம்பிவடத்தின் ஆயுளும்

கொச்சித் துறைமுகத்தில் வில்லிங்டன் தீவின் இருமருங்கிலும் இரண்டு கால்வாய்கள் உள்ளன. கிழக்கே இருப்பது எர்ணாகுளம் கால்வாய். மேற்கே இருப்பது மட்டாஞ்சேரிக் கால்வாய். மட்டாஞ்சேரியின் பழைய மிளகுப் பண்டகசாலைகளுக்குத் தெற்கே, இந்த மேற்குக் கால்வாயின் கரையில், தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் அமைந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 9-ஆம் நாள் நள்ளிரவு முதல் ஜூலை 31-ஆம் நாள் முடிய இழுவைப் படகுகள் இங்கே கட்டப்பட்டுக் கிடக்கும். கேரளத்தில் 1988-இல் தொடங்கிய மழைக்கால இழுவைத் தடை, 2018 முதல் 52 நாட்கள் என்று வகுக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம்.

இந்த ஓய்வு நாட்களில்தான் படகுகளுக்கு வர்ணம் பூசப்படுகிறது. இயந்திரங்கள் பிரித்துப் பார்க்கப்படுகின்றன. தேய்ந்த கம்பிவடங்கள் கழற்றப்பட்டுப் புதியவை சுற்றப்படுகின்றன. ஆனால் வடம் ஓடும் கப்பியை உற்று நோக்குவோர் சிலரே. வடம் புதிதாயிற்று, இனிக் கவலையில்லை என்ற எண்ணத்துடன் படகு கடலுக்குச் செல்கிறது. பருவம் முடியுமுன்னரே புதிய வடத்தில் கம்பிகள் அறத் தொடங்கினால், வடம் தரமற்றது என்று விற்றவர்மீது பழி விழுகிறது. பல சமயங்களில் உண்மையான குற்றவாளி, மாற்றப்படாமல் விடப்பட்ட பழைய கப்பியே ஆகும். பழைய வடம் தன் மெலிந்த உருவத்துக்கு ஏற்பக் கப்பியில் ஒரு தடத்தை அறுத்து வைத்துவிட்டுச் செல்கிறது. அதற்குரிய விலையைக் கொடுப்பது புதிய வடம். இது எவ்வாறு நிகழ்கிறது, எப்போது கப்பியை மாற்ற வேண்டும் என்பவற்றைக் கீழே காண்போம்.

கம்பிவடத்தின் பணி

இழுவை மடியை நீருக்குள் இழுத்துச் செல்வன இரண்டு எஃகுக் கம்பிவடங்கள். படகுகளில் இவை 'ரோப்பு' என்றே வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு வடமும் விஞ்சின் உருளையிலிருந்து புறப்பட்டு, தளத்தில் உள்ள வழிகாட்டிக் கப்பிகளின் மீது திரும்பி, பின்புறச் சட்டத்தில் தொங்கும் கப்பியின் வழியாகக் கடலில் இறங்கி, மடியின் வாயை விரித்து வைக்கும் பலகையில் முடிகிறது.

இந்திய, நார்வே அரசுகளின் ஒத்துழைப்பில் 1952-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய திட்டம், கேரளக் கடற்கரைக்கு இயந்திரப் படகுகளையும் புதிய மீன்பிடி முறைகளையும் அறிமுகப்படுத்தியது. 1957-இல் கொச்சியில் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. படகுகளையும் வலைகளையும் ஆராயும் இந்நிலையமே பின்னர் மத்திய மீன்வளத் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்தது. மீன்பிடிக் கலங்களை இயக்குவோருக்குப் பயிற்சி அளிக்கும் மத்திய நிறுவனம் 1963-இல் இதே நகரில் ஏற்பட்டது. அன்று முதல் இழுவைத் தொழில் பெருகிப் பரவியது. கொச்சியிலிருந்து செல்லும் படகுகளில் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் மீனவர்கள் பலர் பணியாற்றுகின்றனர். சின்னமுட்டம், தூத்துக்குடி, இராமேசுவரம், நாகப்பட்டினம், காசிமேடு ஆகிய இடங்களின் இழுவைப் படகுகளிலும் இதே வடமும் கப்பியும்தான் உழைக்கின்றன. ஆகவே இங்கு கூறப்படுவது இரு மாநிலத்தாருக்கும் பொருந்தும்.

கம்பிவடம் ஒரே துண்டான பொருளன்று. மெல்லிய கம்பிகள் பல முறுக்கப்பட்டு ஒரு புரியாகின்றன. அத்தகைய ஆறு புரிகள், நடுவில் உள்ள நார்த்திரியையோ எஃகுத்திரியையோ சுற்றி முறுக்கப்பட்டு வடமாகின்றன. வடம் வளையும்போது ஒவ்வொரு கம்பியும் தன் அண்டைக் கம்பியின் மீது சிறிதே நழுவி இடம் கொடுக்கிறது. இந்த நழுவலே வடத்துக்கு வளையும் தன்மையைத் தருகிறது. நழுவ இடமில்லாமல் நெருக்கினால் கம்பிகள் ஒன்றையொன்று அறுக்கத் தொடங்கும்.

வடம் எத்தனை முறை வளைகிறது என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். நாளொன்றுக்கு ஐந்து முறை மடி இறக்கி ஏற்றப்படுவதாகவும், வடத்தின் வழியில் மூன்று கப்பிகள் இருப்பதாகவும் கொள்வோம். பலகைக்கு அருகிலுள்ள வடப்பகுதி ஒவ்வொரு கப்பியையும் இறங்கும்போது ஒரு முறையும் ஏறும்போது ஒரு முறையும் கடக்கும். ஆக நாளொன்றுக்கு முப்பது முறை அது வளைந்து நிமிர்கிறது. மாதம் இருபது நாள் தொழில் நடந்தால் அறுநூறு முறையாகும். ஒவ்வொரு முறையும் நேரும் தீங்கு அணுவளவாயினும் அது சேர்ந்துகொண்டே போகும்.

காடி செய்யும் வேலை

கப்பியின் விளிம்பைச் சுற்றி வெட்டப்பட்டுள்ள பள்ளமே காடி எனப்படுகிறது. வடம் நழுவிவிடாமல் தடுப்பதற்கு மட்டுமே அது உள்ளதென்று பலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. வடத்தை அடியிலும் பக்கங்களிலும் தாங்கி, அதன் வட்ட உருவம் நசுங்காமல் காப்பதே காடியின் முதன்மையான பணி.

நல்ல காடியின் அடி, வட்டத்தின் வில்லைப்போல் வளைந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம் வடத்தின் விட்டத்தைவிட 5 முதல் 10 சதவிகிதம் அதிகமாக இருப்பது முறை. அதாவது 12 மில்லிமீட்டர் வடத்துக்கு 12.6 முதல் 13.2 மில்லிமீட்டர் வரை உள்ள காடி ஏற்றதாகும். இந்த அளவில் வடத்தின் சுற்றளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காடியின்மீது படிந்து அமர்கிறது. சுமை ஒரே கோட்டில் விழாமல் அகன்ற பரப்பில் பரவுகிறது; கம்பிகள் நழுவுவதற்கும் இடம் எஞ்சுகிறது.

காடி தேயும் நான்கு விதங்கள்

'எறும்பு ஊரக் கல்லும் தேயும்' என்பது பழமொழி. ஊர்க்கிணற்றின் கருங்கல் விளிம்பில் நார்க்கயிறு பதித்த தடத்தைக் காணாதவர் இரார். மெல்லிய நார் கல்லை அறுக்குமெனில், ஒரு டன் அளவில் இழுக்கும் எஃகு வடம் வார்ப்பிரும்பையும் உருக்கையும் அறுப்பதில் வியப்பில்லை. வடத்தில் ஒட்டி வரும் சேறும் மணலும் அரம்போல் இதற்குத் துணைசெய்கின்றன. தேய்வு நான்கு விதங்களில் தோன்றும்.

முதலாவது, காடி குறுகுதல். உழைத்த வடம் மெலிகிறது; மெலிந்த வடம் தன் அளவுக்கு ஏற்றபடி காடியின் அடியில் இன்னும் ஒடுங்கிய தடம் ஒன்றை அறுக்கிறது.

இரண்டாவது, காடி அகலுதல். வடம் பக்கவாட்டில் அலைந்து ஓடும்போதும், கப்பியின் அச்சு தளர்ந்து ஆடும்போதும் அடிப்பகுதி தட்டையாகிறது. அகன்ற காடியில் வடம் ஒரே கோட்டில் மட்டும் அமர்ந்து, சுமையால் நீள்வட்டமாக நசுங்கும்.

மூன்றாவது, புரித்தடம் பதிதல். வடத்தின் புரிகள் அழுந்தி அழுந்தி, காடியின் அடியில் திருகாணியின் மரைபோல வரிவரியாகப் பள்ளங்கள் உண்டாகின்றன. விரலால் தடவினாலே இது தெரியும். புதிய வடத்தின் புரிகள் இந்த வரிகளோடு பொருந்தி அமர்வதில்லை. எனவே அவ்வரிகள் புது வடத்தின்மேல் அரத்தின் பற்களாக வேலை செய்கின்றன.

நான்காவது, ஒருபக்கத் தேய்வு. கப்பி வடத்தின் வழிக்கு நேராக நில்லாமல் சாய்ந்திருந்தால் ஒரு பக்கச் சுவர் மட்டும் அறுபடும். பேரிங் துருப்பிடித்துக் கப்பி சுழலாமல் நின்றுவிட்டாலோ, வடம் ஒரே இடத்தில் இழைந்து அங்கே ஆழமான வெட்டை உண்டாக்கும். சுழலாத கப்பி கப்பியன்று. அது வடத்தை அறுக்கும் கருவியே.

புதிய வடமும் பழைய கப்பியும்

இவற்றுள் கண்ணுக்கு எளிதில் புலப்படாததும் மிகுந்த நட்டம் விளைவிப்பதும் முதலாவது விதமே. அதனை எண்களால் விளக்கலாம். 12 மில்லிமீட்டர் வடம் உழைத்து 11.2 மில்லிமீட்டராக மெலிந்துள்ளது எனக் கொள்வோம். காடியின் அடித்தடமும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறுகியிருக்கும். அப்பொழுது பழைய வடம் அதில் இடரின்றி ஓடுகிறது. படகோட்டிக்குக் குறையொன்றும் தோன்றுவதில்லை.

இப்போது புதிய வடம் ஏற்றப்படுகிறது. புதிய வடங்கள் பெயரளவைவிடச் சற்றுப் பருமனாகவே தயாரிக்கப்படுவது வழக்கம். 12 மில்லிமீட்டர் வடம் 12.4 மில்லிமீட்டர் இருந்தாலும் அது குறையன்று. அந்த வடம் 11.2 மில்லிமீட்டர் தடத்தில் இறங்க இயலாமல் இரு தோள்களிலும் தொத்திக்கொள்ளும். சுமை ஏறியதும் ஆப்புப்போல் உள்ளே இறுகும். அடியில் தாங்கல் இல்லை. பக்கங்களில் நெரிப்பு உண்டு. கம்பிகள் நழுவ இடமின்றிப் புரிகளுக்கிடையே ஒன்றையொன்று கடித்துக்கொண்டு உள்ளேயே அறுகின்றன. துத்தநாகப் பூச்சு சுரண்டப்பட்டு உப்புநீர் இரும்பைப் பற்றுகிறது. வெளியில் பளபளப்பாகத் தோன்றும் வடம் உள்ளே வலுவிழந்து நிற்கிறது.

இழுவையின் நடுவே வடம் அறுந்தால் மடியும் பலகையும் கடலடியில் தங்கிவிடக்கூடும். அந்தப் பொருள் நட்டத்தைவிடக் கொடியது வேறொன்று. இழுபட்ட வடத்தில் வில்லில் உள்ளதுபோல் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. அறுந்த நொடியில் அது சாட்டையாகத் தளத்தின்மீது பின்னோக்கி வீசும். அதன் வழியில் நிற்பவர் கை கால்களை இழக்கலாம், உயிரையே இழக்கலாம். ஒரு கப்பியை மாற்றாமல் மிச்சப்படுத்திய பணம் இதற்கு ஈடாகாது.

அமுக்கம் பற்றிய ஒரு கணக்கு

காடியின்மீது வடம் செலுத்தும் அமுக்கத்தை எளிய சூத்திரத்தால் மதிப்பிடலாம். இழுவிசையின் இரு மடங்கை, கப்பியின் விட்டம், வடத்தின் விட்டம் ஆகிய இரண்டின் பெருக்குத்தொகையால் வகுத்தால் சராசரி அமுக்கம் கிடைக்கும். இழுவிசை 1,000 கிலோகிராம் எடைக்குச் சமம் எனவும், கப்பி 24 சென்டிமீட்டர் எனவும், வடம் 1.2 சென்டிமீட்டர் எனவும் கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 69 கிலோகிராம் வரும். அதே வடத்தை 12 சென்டிமீட்டர் கப்பியில் ஓட்டினால் அமுக்கம் இரட்டித்து 139 கிலோகிராம் ஆகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகும். கப்பி சிறுத்தால் காடியும் வடமும் விரைவில் தேயும் என்பது ஒன்று. மேற்கூறிய கணக்கு வடம் காடியில் செம்மையாக அமர்ந்திருப்பதாகக் கொண்டது. தேய்ந்த காடியில் தாங்கும் பரப்பு குறைவதால் உண்மையான அமுக்கம் இதனினும் பன்மடங்கு உயரும் என்பது மற்றொன்று. படகு அலையில் குதிக்கும்போது ஏற்படும் வெட்டியிழுப்பு இக்கணக்கில் சேரவில்லை.

அளந்து அறியும் முறை

படகு கரையில் கட்டப்பட்டு, விஞ்சு நிறுத்தப்பட்டு, வடத்தில் சுமை இல்லாத வேளையில் மட்டுமே சோதனை செய்ய வேண்டும். ஓடும் வடத்தையோ சுழலும் கப்பியையோ கையால் தொடுதல் கூடாது.

வடத்தின் விட்டத்தை அளக்கும்போது காலிப்பரின் தாடைகள் எதிரெதிரே உள்ள இரு புரிகளின் முதுகில் படவேண்டும்; புரிகளுக்கு இடைப்பட்ட தட்டையான பகுதியில் வைத்தால் அளவு குறைந்து காட்டும். ஒரே இடத்தில் இருமுறை, ஒன்றுக்கொன்று செங்குத்தாக அளந்து பார்த்தால் வடம் நசுங்கியுள்ளதா என்பதும் தெரியவரும்.

காடியை அளக்க நாணயம் போன்ற வட்டத் தகடுகள் இரண்டு போதும். 12 மில்லிமீட்டர் வடத்துக்கு ஒன்று 12.3 மில்லிமீட்டரும் மற்றது 13.2 மில்லிமீட்டரும் விட்டம் உள்ளதாகக் கடைசல் பட்டறையில் கடைந்து, பிடி ஒன்று பொருத்திக்கொள்ளலாம். வடத்தை விலக்கி, காடியைத் துடைத்து, தகட்டை நேராக உள்ளே வைத்து, பின்புறம் கைவிளக்கைப் பிடிக்க வேண்டும். சிறிய தகடு அடியைத் தொடாமல் தோள்களில் நின்று, கீழே வெளிச்சம் தெரிந்தால் காடி குறுகிவிட்டது. பெரிய தகடு அடியை மட்டும் தொட்டு, இருபக்கமும் வெளிச்சம் தெரிந்தால் காடி அகன்றுவிட்டது. கப்பியைச் சிறிது சிறிதாகத் திருப்பி, குறைந்தது நான்கு இடங்களில் இவ்வாறு பார்ப்பது நலம்.

எப்போது மாற்றுவது?

கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒன்று காணப்பட்டால் கப்பியை மாற்றிவிட வேண்டும். கனம் போதுமாயின் மறுபடி கடைந்து சீர்செய்யலாம். மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்ட கப்பியாயின், கடையும்போது அக்கடினப் பகுதியே நீங்கிவிடக்கூடும். அதனை மாற்றுவதே மேல்.

1. வடத்தின் பெயரளவைவிட 2.5 சதவிகிதம் கூடுதலான தகடு காடியின் அடியில் படியாமை.

2. காடியின் அகலம் பெயரளவைவிட 10 சதவிகிதத்துக்கு மேல் போய், வடம் நசுங்கத் தொடங்குதல்.

3. அடியில் புரித்தடம் பதிந்திருத்தல்.

4. காடியின் அடி, தொடக்க நிலையிலிருந்து வடத்தின் விட்டத்தில் கால் பங்கு ஆழத்துக்குத் தேய்ந்திருத்தல். 12 மில்லிமீட்டர் வடத்துக்கு இது 3 மில்லிமீட்டர்.

5. பக்கச்சுவர் மெலிந்தோ உடைந்தோ இருத்தல். கப்பி தடையின்றிச் சுழலாமை.

வடத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பளுதூக்கிகளின் வடங்களுக்கென வகுக்கப்பட்ட பன்னாட்டு விதிகளில், நார்த்திரி உள்ள ஆறுபுரி வடம் சீராக 10 சதவிகிதம் மெலிந்தால் விலக்கத்தக்கது. படகுகளுக்கும் இதனை வழிகாட்டியாகக் கொள்ளலாம். 12 மில்லிமீட்டர் வடம் 10.8 மில்லிமீட்டரை எட்டிவிட்டால் அதன் காலம் முடிந்தது. அறுந்த கம்பிகள் ஓரிடத்தில் குவிந்திருந்தாலும், ஒரு புரி முழுவதும் அறுந்திருந்தாலும், வடம் முடிச்சுப்போல் மடங்கியிருந்தாலும் அளவைப் பாராமலே விலக்க வேண்டும். நைலான் கப்பிகள் வடத்தின் வெளிப்புறத்துக்கு மென்மையானவை. ஆனால் அவற்றில் ஓடும் வடத்தின் கம்பிகள் வெளியே அறாமல் உள்ளே அறக்கூடும். ஆதலால் அங்கே வெளித்தோற்றத்தை மட்டும் நம்புதல் தகாது.

வடத்தை மாற்றும் நாளே கப்பியைச் சோதிக்கும் நாள் என்பதை வழக்கமாக்கிக்கொள்வது நன்று. பலநூறு மீட்டர் வடத்தின் விலைக்கு முன்னால் ஒரு கப்பியின் விலை சிறிதே.

தேய்வைத் தாமதப்படுத்தும் வழிகள்

தேய்வை முற்றும் தடுக்க இயலாது, ஆனால் தள்ளிப்போடலாம். தொழில் முடிந்து கரை சேர்ந்ததும் வடத்தையும் கப்பியையும் நன்னீரால் கழுவி, உலர்ந்தபின் வடத்துக்கு உரிய எண்ணெயையும் பேரிங்குக்குக் கிரீஸையும் இடவேண்டும். ஈரத்தின்மேல் பூசிய எண்ணெய் உப்பை உள்ளே அடைத்துவிடும் என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வடத்தை விட்டு இழுத்தால், வடத்தின் ஒரே இடம் மணிக்கணக்காகக் கப்பியின்மீது தங்கித் தேயும். ஆகவே ஆழம் இடம் கொடுக்குமளவு சில மீட்டர் கூட்டியும் குறைத்தும் விடலாம். உரிய காலத்தில் வடத்தை முனைமாற்றிச் சுற்றினால் தேய்வு பங்கிடப்படும். இரு பக்கத்து வடங்களையும் ஒருங்கே மாற்றுவதும் அவசியம். ஒன்று நீண்டு மற்றது குறுகியிருந்தால் மடியின் வாய் கோணிவிடும்.

வகுப்பறையில் செய்து காட்ட

கடற்கரைப் பள்ளி ஆசிரியர்கள் இக்கருத்தை மிக எளிதாக விளக்கலாம். சலவைச் சோப்புக் கட்டி ஒன்றும், தடிப்பில் வேறுபட்ட இரு நைலான் கயிறுகளும் போதும். மெல்லிய கயிற்றைச் சோப்பின் விளிம்பில் வைத்து முன்னும் பின்னும் ஐம்பது முறை இழுத்தால் ஒரு தடம் அறுபடும். அத்தடத்தில் தடித்த கயிற்றை வைத்தால் அது அடியைத் தொடாமல் தோள்களில் நிற்பதை மாணவர்கள் தாமே காண்பர். அழுத்தினால் அது சிக்கிக்கொள்வதையும் உணர்வர். உராய்வு, அமுக்கம், பரப்பு ஆகியவை பற்றிய பாடங்களுக்கு இதைவிட அண்மையான உதாரணம் வேண்டியதில்லை. மாணவர்களில் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் அந்தக் கப்பிகளின் அருகிலேயே நின்று தொழில் செய்பவர்கள்.

களப்பணியாளர்கள் தடைக்காலத்தில் துறைமுகங்களுக்குச் செல்லும்போது, தகடுகள் இரண்டையும் கைவிளக்கு ஒன்றையும் உடன் கொண்டு செல்லலாம். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் தடை நிலவுவதால், இச்சோதனைக்குப் போதிய அவகாசம் உண்டு. ஒரு கப்பியைச் சோதிக்கச் சில நிமிடங்களே ஆகும். ஆகஸ்டுத் தொடக்கத்தில் மட்டாஞ்சேரிக் கால்வாயைக் கடந்து படகுகள் மீண்டும் கடலுக்குத் திரும்பும்போது, புதிய வடம் அதற்கேற்ற காடியில் ஓடுமாயின், பின்தளத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அதுவே முதற் பாதுகாப்பாகும்.